காயைப் பிடிக்கும் கை

தை 2, வியாழன்

காய் நறுக்கும் பாடத்தை இன்று தொடங்கினோம்.

கடற்கரைச் சாலைக்குப் பின்புறம் புதிதாகத் திறந்திருக்கும் சமையற்கலைக் கூடத்துக்கு ஒரு பாடநூல் வேண்டுமாம். சொல்லப்போகிறவர் என் கணவர் ராயப்பன். முப்பது ஆண்டுகள் பாரீசில் ஓர் உணவகத்தின் அடுக்களையில் நின்றவர். அவருக்கு நறுக்கத் தெரிந்ததெல்லாம் பிரஞ்சில்தான். தமிழில் சொல்லுங்கள் என்றால் திகைத்து நிற்கிறார். கூடத்தில் படிக்கும் பிள்ளைகளோ மணிப்பூரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். பாடம் ஆங்கிலத்தில் இருந்தாக வேண்டும். ஆகவே அவர் பிரஞ்சில் சொல்லிக்கொண்டே நறுக்குவார், பள்ளியில் பிரஞ்சு படித்த நான் எதிரில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதுவேன். தூய தமிழுக்காக ஊர் ஊராய் மேடையேறியவள், ஒரு வேற்றுமொழியை இன்னொரு வேற்றுமொழிக்குக் கடத்திக்கொண்டிருக்கிறேன். இந்தக் குறிப்பேடாவது தமிழில் இருக்கட்டும்.

தை 24 அன்று மாணவர் முன்னிலையில் அவர் நறுக்கிக் காட்ட வேண்டும். அது செவ்வனே நடந்தால் அவரே அங்கு ஆசிரியர். கூடத்தின் தலைவர் ஹமீதிடம் பேசி இந்த ஏற்பாட்டை முடித்தவள் நான்தான். வேலையின்றி வீட்டில் உட்கார்ந்திருப்பதால்தான் இவருக்கு எல்லாம் மறந்துபோகிறது. கையில் ஒரு வேலை வந்துவிட்டால் சரியாகிவிடும்.

"இன்னா வெயினி, எழுதப் போறியா, சொற்பொழிவு ஆத்தப் போறியா?" என்றார் கத்தியைத் துடைத்தபடி.

"நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்."

"அப்படின்னா வாயை மூடிக்கினு கையைப் பாரு."

நான் மேடையேறிய இத்தனை ஆண்டுகளில் என்னை வாயை மூடச் சொல்லி வெற்றி கண்டவர் இவர் ஒருவரே.

தை 3, வெள்ளி

தீக்குச்சி நறுக்கு. கேரட்டை மேடையில் நான் மஞ்சள் முள்ளங்கி என்பேன். கடையில் அப்படிக் கேட்டால் வெள்ளை முள்ளங்கியை எடுத்துத் தருகிறார்கள். ஆகவே இங்கும் கேரட் என்றே எழுதுகிறேன்.

தோலைச் சீவு. விரல் நீளத் துண்டுகளாக வெட்டு. ஒரு பக்கத்தை மெல்லியதாகச் சீவித் தட்டையாக்கு. அந்தப் பக்கம் பலகையில் படிந்தால்தான் காய் உருளாது. பிறகு நெடுக்குவாக்கில் மென்தகடுகள். தகடுகளை அடுக்கிவைத்து மீண்டும் நெடுக்குவாக்கில் குச்சிகள்.

பலகைக்கு அடியில் ஈரத்துணி போட்டார், பலகை நகராமலிருக்க. இதையெல்லாம் எழுதச் சொன்னார். பிறகு இடக்கையைத் தூக்கிக் காட்டினார். விரல் நுனிகள் உள்ளே மடங்கி, நடுக்கணு மட்டும் முன்னே நிற்கிறது. கத்தியின் பக்கவாட்டு அந்தக் கணுவைத் தொட்டபடியே ஏறி இறங்குகிறது. நுனி வெளியே வந்தால் நுனி போய்விடும்.

"புதுசா வர்றவன் எல்லாம் கத்தியப் பாப்பான். கத்திய பாக்காத. காயைப் புடிக்கிற கையைப் பாரு. கை சரியா இருந்தா கத்தி எங்க போயிடும்?"

அழகாகச் சொன்னார். பிரஞ்சில் தொடங்கி அவரையறியாமல் தமிழுக்கு வந்துவிட்டார். அச்சப்பட ஒன்றுமில்லை.

தை 4, காரி

பெரிய சந்தையில் காய் விற்கும் அஞ்சலாட்சி என் பையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா மதாம், நேத்து வெள்ளிக்கெழமையும் கேரட்டு, இன்னைக்கு சனிக்கெழமையும் கேரட்டு. ஊட்ல முயலு வளக்குறியா?"

"என்னை மதாம் என்று அழைக்காதே. அம்மா என்று சொல்லேன்."

"சரிங்க மதாம்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நறுக்கியதையெல்லாம் என்ன செய்வது? குழம்பில் தீக்குச்சி கேரட், பொரியலில் தீக்குச்சி கேரட், மாடிவீட்டுக்காரர்களுக்கு ஒரு கிண்ணம்.

தை 6, திங்கள்

மணி நறுக்கு. தீக்குச்சிகளைச் சேர்த்துப் பிடித்துக் குறுக்கே வெட்டினால் கடுகைவிடச் சற்றுப் பெரிய மணிகள். பார்ப்பதற்கு அவ்வளவு அழகு.

சொல்லும்போது நடுவில் ஒரு படியை விட்டுவிட்டார். தகடுகளிலிருந்து நேரே மணிக்குப் போய்விட்டார். கை மட்டும் குச்சிகளை ஒழுங்காக வெட்டிக்கொண்டிருந்தது. நான் விட்டுப்போன படியை நிரப்பி எழுதிக்கொண்டேன். மேடையில் பேசுகிறவர்களும் ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவுவதுண்டு. எனக்கே நேர்ந்திருக்கிறது.

தை 8, அறிவன்

முட்டைக்கோசு. இன்று மூன்று படிகளை நிரப்பினேன்.

தை 9, வியாழன்

லியோனிலிருந்து மகள் நிறைமதி பேசினாள். அவளுக்கு அறிவுரை சொல்லும் அகவை வந்துவிட்டது.

"அம்மா, தீபாவளிக்கு நான் வந்தப்பவே என்னை உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. அப்பாவை டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு அப்பவே சொன்னேன். நீங்க என்னடான்னா கையில கத்தியைக் குடுத்து உக்கார வெச்சிருக்கீங்க."

"நீ என் சாயல்தானே. பெயர் மாறுவது இயல்பு."

"அம்மா, இது மீட்டிங் இல்ல. கைதட்டு வாங்கறதுக்காகப் பதில் சொல்லாதீங்க."

தை 24 முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றேன். அவர் பக்கத்து அறையில் இருந்தார். யார் பேசினார்கள் என்று கேட்டார். சொன்னேன். சற்று நேரம் கழித்து மீண்டும் கேட்டார். மீண்டும் சொன்னேன்.

தை 11, காரி

துணிப்பேழையில் என் பட்டுப்புடவையை எடுக்கக் கையை விட்டேன். அடுக்குக்கு நடுவே கடினமாக ஏதோ தட்டுப்பட்டது. அடுக்களைத் துணியில் சுற்றிய கத்தி. அவருடைய பெரிய கத்தி. துணி ஓரமாக விலகியிருந்தது. இன்னும் ஓர் அரைவிரல் தள்ளிக் கைவைத்திருந்தால்.

உப்புக்காற்றில் துரு ஏறாமலிருக்க வைத்திருப்பார். கடலோர வீடுகளில் இரும்புக்குப் பாதுகாப்பு வேண்டும்தானே.

அவரிடம் கேட்கவில்லை. கத்தியைப் பழைய இடத்தில் வைத்தேன்.

தை 13, திங்கள்

ஹமீது வந்தார். இளைஞர், பணிவானவர், எதற்கும் அவசரப்படுபவர். எழுதிய பக்கங்களை எங்கள் வீட்டு முன்னறையில் நின்றபடியே புரட்டினார். அவர் பக்கத்தில் என் கணவர் தம் வீட்டிலேயே விருந்தாளியைப் போலக் கைகட்டி நின்றார்.

"அம்மா, இது டெக்ஸ்ட்புக் மாதிரியே இல்ல. எதுக்கு செய்யறோம்னு ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் இருக்கு. சார் மனசுல எவ்ளோ தெளிவு பாருங்களேன்!"

"அவர் மனத்தில் எல்லாம் தெளிவாகவே இருக்கிறது," என்றேன்.

"சார், அந்த முட்டைக்கோஸ் சாப்டர் சூப்பர்."

"முட்டைக்கோசா?" என்றார் இவர். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, "ஆமா ஆமா. நல்லா வந்திருக்கு," என்றார்.

ஹமீது போனபின் கதவைத் தாழிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றேன். முட்டைக்கோசுப் பாடத்தில் அவர் சொன்னவை நான்கு சொற்றொடர்களே. மற்றவை நான் கட்டியவை. சொற்றொடர் கட்டுவது எனக்குக் கைவந்த கலை. எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் கட்டுவேன். அவர் குறையக் குறைய நூல் வளர்கிறது. எவரும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. என்னை நடுங்க வைப்பதும் அதுதான்.

தை 15, அறிவன்

வெங்காயம். இரண்டாகப் பிள. வேர்ப்பகுதியை வெட்டிவிடாதே, மடல்களையெல்லாம் சேர்த்துக் கட்டிவைத்திருப்பது அதுதான். வேரைத் தொடாமல் நெடுக்கே கீறு, படுக்கையாகக் கீறு, பிறகு குறுக்கே இறக்கு. அப்படியே பொலபொலவென்று மணியாக உதிரும்.

இவ்வளவும் அவர் கை சொன்னது. வாய் சொன்னது வேறு. வெங்காயத்தை நறுக்கியபடி கேரட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவே மழை பெய்கிறதா என்று கேட்டார். தையில் ஏது மழை. ஆனால் கை ஒருமுறைகூடத் தவறவில்லை. வேர் அப்படியே நின்றது.

இன்றுமுதல் அவர் வாயை எழுதுவதில்லை. கையை எழுதுகிறேன்.

தை 16, வியாழன்

விழுப்புரத்தில் மொழிப்போர் ஈகியர் நினைவுக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். ஆண்டுதோறும் நான்தான் நிறைவுரை. தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அவரைத் தனியே விட்டுவிட்டு எப்படிப் போவது? இதை அவர்களிடம் சொல்லியிருக்கலாம். தொண்டை என்று சொல்வதே எளிதாக இருந்தது.

தை 17, வெள்ளி

கட்டைவிரல் வெளியே வந்தது.

கேரட்தான். மூன்றாவது துண்டு. நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். கத்தியின் ஒலி மாறியது கேட்டு நிமிர்ந்தேன். இடக்கை மடங்கவில்லை. குழந்தை சுவரில் கைவைப்பதுபோல ஐந்து விரலும் விரிந்து காய்மேல் கிடந்தன. கத்தி இறங்கிக்கொண்டிருந்தது. கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. கத்தி கட்டைவிரல் நகத்தை வெட்டி நின்றது.

குருதி பலகையில் ஓடிக் கேரட் மணிகளில் கலந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வலித்ததாகத் தெரியவில்லை.

"யாரோடது இது?" என்றார்.

கட்டுப் போட்டேன். பலகையைக் கழுவினேன். காயைக் குப்பையில் கொட்டினேன். பிறகு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதுவரை வாய்தான் போயிற்று என்று நினைத்திருந்தேன்.

தை 19, ஞாயிறு

இன்று பாடமில்லை. பூசைக்குப் போய்விட்டு வந்தார். மாதா கோயில் தெருவில் வழி கேட்டாராம்; மாடிவீட்டுப் பெண் கைபிடித்து அழைத்து வந்தாள். கோயிலும் வீடும் ஒரே தெரு.

தை 20, திங்கள்

காலை உணவு முடிந்து தட்டைக்கூட எடுக்கவில்லை, அவர் என்னை உட்காரச் சொன்னார். கண்கள் தெளிவாக இருந்தன. பல கிழமைகளாக நான் காணாத தெளிவு.

"வெயினி, ஒண்ணு கேட்டா கோச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"அன்னைக்கு அங்க நான் நின்னுடுவனா?"

"ஏன் நிக்க மாட்டீங்க? முப்பது வருசம் நின்னவரு."

"மேடைப் பேச்சு பேசாத. நான் கேக்கறது உனக்குப் புரியுது." கட்டுப்போட்ட விரலைத் தடவினார். "எனக்கு நடுவுல நடுவுல வெளக்கு அணஞ்சிடுது. எப்ப அணையுதுன்னு எனக்கே தெரியல. திரும்பி எரியறப்போ நீ என்னைப் பாத்துக்கினு இருக்கே. அந்த மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுக்குவேன், அணஞ்சிருந்துதுன்னு."

நான் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன்.

"அவ்ளோ பயமா உனக்கு?"

"இல்லையே."

"பொய் சொல்ல உனக்கு வராது. மைக்கு இருந்தாத்தான் வரும்." சிரித்தார். "சரி, வா. அந்தப் பசங்க முன்னாடி ஒருவாட்டி நிக்கணும்னு ஆசையா இருக்கு. பாரீசுல இத்தினி வருசம் நின்னேன், ஒருத்தனும் என்னை வாத்தியாருன்னு கூப்பிடல. கை நான் பாத்துக்கறேன். வாய் நீ பாத்துக்கோ."

ஹமீதை அழைத்து எல்லாவற்றையும் சொல்லி நிறுத்திவிடுவது என்று அதற்குமுன் முடிவு செய்திருந்தேன். அழைக்கவில்லை.

தை 22, அறிவன்

ஒத்திகை. மூன்றுமுறை செய்தார். இருமுறை பழுதில்லை. மூன்றாவது முறையைப் பற்றி எழுத விரும்பவில்லை.

தை 23, வியாழன்

கத்தியைச் சாணை பிடித்தார். நாளை மழுங்கிய கத்தியைக் கொடுத்துவிடலாமா என்று எண்ணினேன். மழுங்கிய கத்திதான் வழுக்கும், அதுதான் விரலை வெட்டும் என்பது பாடநூலின் முதற்பக்கத்தில் நானே எழுதியது.

தை 24, வெள்ளி

இருக்கையெல்லாம் நிறைந்திருந்தது. வெள்ளை மேலங்கி அணிந்த பிள்ளைகள், கையில் கைப்பேசி. நீண்ட எஃகு மேடை. அதன்மேல் பலகை, அடியில் ஈரத்துணி, கேரட்டும் வெங்காயமும். என் வாழ்நாளில் இதைவிடப் பன்மடங்கு பெரிய கூட்டங்களைக் கண்டிருக்கிறேன். காவலர் தடியுடன் நின்ற கூட்டங்களில் பேசியிருக்கிறேன். எங்கும் ஒருவருடைய இடக்கையையே இப்படிப் பார்த்துக்கொண்டு நின்றதில்லை.

அவர் வெள்ளைத் தொப்பி அணிந்து நின்றார். அழகாக இருந்தார். பிரஞ்சில் வணக்கம் சொன்னார், ஆங்கிலத்தில் சொன்னேன். தோலைச் சீவச் சொன்னார், நான் சொன்னேன். துண்டாக்கினார், ஒரு பக்கத்தைச் சீவித் தட்டையாக்கிக் காட்டினார். பிள்ளைகள் குறிப்பெடுத்தார்கள். ஹமீது பின்வரிசையிலிருந்து கட்டைவிரலை உயர்த்தினார்.

பிறகு அணைந்தது.

அவர் கேரட்டைப் பார்த்தார். எதிரே இருந்தவர்களைப் பார்த்தார். இடக்கை மெல்ல விரிந்து பலகையில் படுத்தது, ஐந்து விரலும். வலக்கையில் கத்தி தூக்கியபடி நின்றது. நான் ஆங்கிலத்தில் ஏதேதோ பேசினேன், அவர் நினைவு திரும்பட்டும் என்று. கேரட்டின் நிறத்தைப் பற்றிப் பேசினேன். திரும்பவில்லை. முன்வரிசைப் பெண் கைப்பேசியைத் தாழ்த்தினாள். கத்தி இறங்கத் தொடங்கியது.

அவர் பெயரைச் சொல்லி அழைத்திருக்கலாம். ஓடிக் கையைப் பிடித்திருக்கலாம். என்னிடமிருந்து வந்தது மேடைக்குரல். அடிவயிற்றிலிருந்து, பிரஞ்சில், "விரலை மடக்கு!"

"வீ, ஷெஃப்!"

கூடமே அதிர அவர் மறுமொழி சொன்னார். அந்நாட்டு அடுக்களைகளில் தலைமைச் சமையலர் ஒரு கட்டளை இட்டால் ஏன் என்று கேட்கக் கூடாது. ஆம் தலைவரே என்று உரக்கச் சொல்லிவிட்டு அக்கணமே செய்ய வேண்டும். அந்த விடைதான் அது. விரல்கள் மடங்கின. நடுக்கணு முன்னே வந்தது. முதுகு நிமிர்ந்தது.

"தகடாக வெட்டு!"

"வீ, ஷெஃப்!"

"அடுக்கு! குச்சியாக்கு!"

"வீ, ஷெஃப்!"

கத்தி பறந்தது. கண்ணால் தொடர முடியவில்லை. ஒவ்வொரு கட்டளைக்கும் நடுவே நான் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர்கள் இதை ஒரு கூத்து என்றே எண்ணினார்கள். வெங்காயத்துக்கு வந்தபோது அவரோடு சேர்ந்து அவர்களும் "வீ, ஷெஃப்" என்று கத்தினார்கள். வெங்காயம் மணியாக உதிர்ந்தது, வேர் நின்றது. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

கைதட்டலுக்கு நடுவே அவர் என் பக்கம் திரும்பினார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். என்னை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் நான் இல்லை. பிரஞ்சில், தாழ்ந்த குரலில் கேட்டார்:

"ஷெஃப், இந்த ஆண்டாவது எனக்கு விடுப்புக் கொடுங்கள். போன ஆண்டும் கேட்டேன். ஊரில் மனைவி இருக்கிறாள். அவள் இங்கு வரமாட்டாள், அவளுக்கு அங்கே பெரிய வேலைகள் இருக்கின்றன. நான்தான் போக வேண்டும்."

அங்கே வேறு எவருக்கும் அந்த மொழி தெரியாது. பிள்ளைகள் சிரித்தபடி படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பாரீசுக்கு வா என்று அவர் அழைத்ததெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. இவர் அங்கே யாரிடமோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு இப்படி நின்றிருப்பார் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

மனைவியாக நின்று என்னால் ஒருபோதும் கேட்டிருக்க முடியாததை, அந்த முகமறியாத் தலைவராக நின்று சொன்னேன். "விடுப்புக் கொடுத்தேன். கத்தியைக் கழுவி என்னிடம் கொடு. இனி நீ நறுக்க வேண்டாம்."

"வீ, ஷெஃப்."

கழுவினார். துடைத்தார். பிடி என் பக்கம் இருக்கும்படி திருப்பி, இரு கைகளாலும் நீட்டினார். மேலங்கியின் முடிச்சை அவிழ்த்து மடித்து வைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி.

ஹமீது ஓடி வந்தார். "அம்மா, மண்டேலேர்ந்தே கிளாஸ் ஆரம்பிச்சிடலாம்!"

"இல்லை," என்றேன். "இவர் உடல்நலமில்லாதவர். நோயை உங்களிடமும் மறைத்தேன், என்னிடமும் மறைத்துக்கொண்டேன். அந்த நூலில் பாதிக்கு மேல் என் சொற்கள். யாரிடமாவது கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்."

நல்ல குரல்தான். கூட்டம் முழுவதும் கேட்டிருக்கும்.

தை 25, காரி

நிறைமதியிடம் சொன்னேன். அவள் அழுதாள். திங்கட்கிழமை மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியாயிற்று. கத்தியை மாடிவீட்டில் கொடுத்துவிட்டேன்.

தை 26, ஞாயிறு

விடியற்காலையிலேயே குளித்து, முகம் மழித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு கதவருகே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். காலடியில் பயணப்பை. அதில் ஒரு துண்டும் பல்துலக்கியும் மட்டும். பூசைக்கா என்று கேட்டேன். இல்லையாம், ஊர் வந்து சேர்ந்துவிட்டாராம்.

காபி கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "மெர்சி, மதாம்," என்று முன்பின் அறியாதவளுக்குச் சொல்வதுபோல நன்றி சொன்னார்.

"யாருக்காக உக்காந்திருக்கீங்க?"

"என் வீட்டுக்காரி வருவா. கூட்டிக்கினு போறேன்னு சொல்லியிருக்கா."

"எப்போ வருவாங்க?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

தெருவை எட்டிப் பார்த்தார். பிறகு, வீட்டுக்கு வந்த ஒருவரிடம் தம் மனைவியைக் குறைவாகப் பேசிவிடக் கூடாதே என்பதுபோல, அவசரமாகச் சொன்னார்: "எங்கயாவது கூட்டம் இருக்கும் அவளுக்கு. பெரிய பேச்சுக்காரி. முடிஞ்சதும் வந்துடுவா."

இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரருகில் உட்கார்ந்தேன். இருவருமாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.